கடையில் பேசும் மொழிபெயர்ப்புக் கருவி: தவறாகச் சொன்னால் யார் பொறுப்பு?

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மருந்துக்கடை என்று பல இடங்களில் வங்காள எழுத்து கண்ணில் படும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று கிழக்கிலிருந்து நோயாளிகள் பல ஆண்டுகளாக அங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பேசியே வங்காளமும் இந்தியும் கற்றுக்கொண்ட கடை ஊழியர்கள் அங்கே உண்டு. அந்தப் பழக்கம் இல்லாத புது ஊழியருக்கு இன்று செல்போன் கைகொடுக்கும். இவர் தமிழில் பேசினால் அது வங்காளத்தில் ஒலிக்கும். அவர் பதில் சொன்னால் தமிழில் கேட்கும்.

அறை வாடகை எவ்வளவு, பஸ் எங்கே நிற்கும் என்பதற்கெல்லாம் இது அருமையான வசதி. ஆனால் 'இந்த மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடும் ரத்த மெலிவு மருந்தோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது' என்ற வாக்கியத்தை அதே செல்போன் கொண்டுபோகும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. அது தவறாகப் போய்ச் சேர்ந்தால் யார் பொறுப்பு? ஆப்பை உருவாக்கிய நிறுவனமா, செல்போனை நீட்டிய ஊழியரா, கடை முதலாளியா, புரிந்ததுபோல் தலையாட்டிய நோயாளியா? மக்களோடு நேரடியாகப் பழகும் தொழில்களில் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்துவது பற்றிய விதிகளை அலசினால், அவை பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே வருகின்றன. கருவி நல்லதா கெட்டதா என்பதைவிட, அது சொன்னதற்கு யார் ஆள் என்பதுதான் முக்கியம்.

இந்தக் கருவிகளைக் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் பெரிய அளவில் கொண்டுபோன நாடுகளில் ஜப்பான் முக்கியமானது. டோக்கியோ ஒலிம்பிக்கை மனதில் வைத்து, 2014-லேயே அந்நாட்டு அரசு பன்மொழிப் பேச்சு மொழிபெயர்ப்புக்குத் திட்டம் வகுத்தது. அரசின் தகவல் தொடர்பு ஆய்வு நிறுவனம் வாய்ஸ்ட்ரா என்ற இலவச ஆப்பை உருவாக்கியது. சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் 2017 டிசம்பரில் பாக்கெட்டாக் என்ற கையடக்கக் கருவியை விற்பனைக்கு விட்டது. 2023-ல் டோக்கியோவின் செய்பு-ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் ஒரு கண்ணாடித் திரையை வைத்துச் சோதித்தார்கள். பயணியும் ஊழியரும் அதன் இருபுறமும் நின்று பேச, பேச்சின் மொழிபெயர்ப்பு அந்தக் கண்ணாடியிலேயே எழுத்தாகத் தோன்றியது.

ஜப்பானிடமிருந்து ஒரு விஷயத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாய்ஸ்ட்ரா தனிநபர்கள் பயணத்தில் பயன்படுத்திப் பார்ப்பதற்கான ஆராய்ச்சி ஆப். அதில் பேசுவது ஆராய்ச்சிக்குப் பயன்படும். தொழிலுக்குத் தொடர்ந்து வேண்டுமென்றால், அதே தொழில்நுட்பத்தை வைத்துத் தனியார் நிறுவனங்கள் தரும் கட்டணச் சேவைக்குப் போக வேண்டும். இலவச ஆப் என்பது சுற்றுலாப் பயணிக்கு. வாடிக்கையாளரின் பேச்சைக் கையாளும் கடைக்கு ஒப்பந்தத்தோடு கூடிய சேவை. இந்த வேறுபாட்டை நம் ஊரில் யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஊழியரின் சொந்த செல்போன், அதில் ஒரு இலவச ஆப், அவ்வளவுதான் பல இடங்களில் ஏற்பாடு.

சரி, இந்தக் கருவிகள் எங்கே தவறுகின்றன? வழக்கமான கருவியில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் பேச்சை எழுத்தாக மாற்றுகிறது, அப்புறம் அந்த எழுத்தை மொழிபெயர்க்கிறது, கடைசியில் மொழிபெயர்ப்பை வாசித்துக் காட்டுகிறது. முதல் கட்டத்தில் ஒரு சொல் தவறினால், அடுத்த இரண்டும் அந்தத் தவறான சொல்லைப் பிசகில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். குரலில் தயக்கமே இருக்காது. சந்தேகம் வந்தால் மனிதர் முகம் சுருக்குவார், 'என்ன சொன்னீங்க?' என்று திரும்பக் கேட்பார். கருவிக்கு அந்தப் பழக்கம் இல்லை. தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. செய்தி வாசிப்பதுபோல் பேசினால் நன்றாகப் புரிந்துகொள்ளும் கருவி, நெல்லையிலோ கொங்குப் பகுதியிலோ வீட்டில் பேசுவதுபோல் பேசினால் தடுமாறும். அந்தத் தடுமாற்றமும் கடையில் நிற்பவர் காதுக்குத் தெரியாது.

கருவி சொல்லாததைச் சேர்த்துச் சொல்வதும் உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருளை ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2024-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ 1 சதவீதத்தில், யாருமே பேசாத வாக்கியங்களை மென்பொருள் தானாக எழுதியிருந்தது. அப்படிப் புனைந்தவற்றில் 38 சதவீதம் தீங்கு விளைவிக்கக்கூடியவை. பக்கவாதம் போன்றவற்றால் பேச்சுத் திறன் பாதிக்கப்பட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசுபவர்களின் ஒலிப்பதிவுகளில் இது கூடுதலாக நடந்தது. மருத்துவமனைக் கவுண்டரிலும் மருந்துக்கடையிலும் வந்து நிற்பவர்களில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு சதவீதம்தானே என்று என்னால் இதைத் தள்ள முடியவில்லை.

மொழிக்கு மொழி தரம் எவ்வளவு மாறும் என்பதற்கும் நல்ல சான்று இருக்கிறது. அவசரச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் சொல்லும் அறிவுரைகளை கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஏழு மொழிகளுக்கு மாற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2021-ல் வெளிவந்தது. மொத்தத்தில் 82.5 சதவீதத்தில் பொருள் கெடவில்லை. ஸ்பானிஷில் அது 94 சதவீதம், பாரசீகத்தில் 67.5, ஆர்மீனியத்தில் 55. ஆர்மீனியம் பேசும் நோயாளிக்கு ஏறக்குறைய இரண்டில் ஒரு அறிவுரை பிசகிப் போகிறது. எழுத்திலேயே இந்த நிலை. பேச்சில் முதல் கட்டத்துத் தவறும் சேரும். ஆப்பின் தரம் அதற்குப் பின் ஓரளவு கூடியிருக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், இணையத்தில் குறைவாக எழுதப்படும் மொழிகள் பின்தங்கி நிற்கும் கதை மாறவில்லை. வங்காளத்துக்கும் இந்திக்கும் சரியாக வேலை செய்கிறது என்பதற்காக, ஜார்க்கண்டிலிருந்து வரும் சந்தாலி பேசும் பாட்டிக்கும் அதே செல்போனை நம்பி நீட்டிவிட முடியாது.

இதற்குத் தெளிவாக விதி எழுதிய நாடு அமெரிக்கா. அங்கே 2010-ல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவு, அரசுப் பணம் பெறும் மருத்துவச் சேவைகளில் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஆங்கிலம் சரளமாக வராதவரை அந்தக் காரணத்தால் ஒதுக்குவதும் பாகுபாடுதான். அரசுக் காப்பீட்டில் மருந்து தரும் மருந்துக்கடைகளும் இதற்குள் வந்துவிடும். இந்தப் பிரிவுக்கு 2024 மே மாதம் வெளியிட்ட விதிகளில் இயந்திர மொழிபெயர்ப்பு பற்றி நேரடியாகவே எழுதினார்கள். ஒருவருடைய உரிமையையோ பலனையோ பாதிக்கும் எழுத்து, துல்லியம் அவசியமான எழுத்து, சிக்கலான அல்லது துறைசார்ந்த மொழியில் உள்ள எழுத்து ஆகியவற்றை இயந்திரத்தால் மொழிபெயர்த்தால், தகுதியுள்ள மனித மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதைப் பார்த்துச் சரிசெய்தாக வேண்டும்.

பேச்சுக்கு விதி இன்னும் கடுமையானது. மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் இடத்தில் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை நிறுவனம் கட்டணமில்லாமல் தர வேண்டும். நேரில் வர முடியாவிட்டால் தொலைபேசியிலோ வீடியோவிலோ வரலாம். கூட வந்த குழந்தையை மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில், தகுதியானவர் உடனே கிடைக்காதபோது மட்டும் தற்காலிகமாக விதிவிலக்கு. கூட வந்த உறவினரை நம்புவதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. இதைப் படிக்கும்போது நம் அரசு மருத்துவமனைகளின் நினைப்பு வராமல் இருக்காது. அப்பாவுக்கு என்ன நோய் என்பதை, தமிழ் கற்றுக்கொண்ட பத்து வயது மகள் டாக்டரிடம் கேட்டு இந்தியில் சொல்லும் நிலை ஒரு கொடுமை. அந்தக் குழந்தையின் தோளிலிருந்து பாரத்தை இறக்க மொழிபெயர்ப்புக் கருவி உதவினால் நான் அதை மனதார வரவேற்பேன்.

அமெரிக்க விதியில் எனக்குப் பிடித்தது, கருவியை அது தடை செய்யவில்லை என்பதுதான். எந்த இடத்தில் மனிதர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று மட்டும் கோடு போட்டிருக்கிறது. கோடு கடையின் வகையைப் பார்த்துப் போட்டதல்ல, சொல்லப்படும் விஷயத்தைப் பார்த்துப் போட்டது. ஒரே மருந்துக்கடையில் பற்பசை கேட்பவருக்கு ஒரு நியாயம், இன்சுலின் வாங்குபவருக்கு வேறு நியாயம்.

இன்சுலின் வாங்குபவருக்காக ஒவ்வொரு மருந்துக்கடையும் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவைக்க முடியாது, உண்மைதான். இதற்கு கலிபோர்னியா ஒரு எளிய வழி கண்டது. அந்த மாநில மருந்தியல் வாரியம், 'காலையில் ஒரு மாத்திரை', 'படுக்கும் முன் இரண்டு மாத்திரை' என்பது போன்ற வழக்கமான அறிவுரைகளைச் சீனம், கொரியன், ரஷ்யன், ஸ்பானிஷ், வியட்நாமியம் ஆகிய ஐந்து மொழிகளில் முன்கூட்டியே சரிபார்த்து வெளியிட்டது. நோயாளி கேட்டால் அந்த மொழியிலேயே குப்பியிலோ லேபிளிலோ தனித் தாளிலோ அச்சிட்டுத் தர வேண்டும் என்று 2015-ல் சட்டமும் வந்தது. மருந்துக்கடையில் திரும்பத் திரும்பச் சொல்வது சில நூறு வாக்கியங்கள்கூட இருக்காது. அவற்றை ஒருமுறை ஆள் வைத்துச் சரிபார்த்துவிட்டால், கருவிக்கு அந்த நேரத்தில் யோசித்து மொழிபெயர்க்கும் வேலையே இல்லை. சரிபார்த்த வாக்கியத்தை எடுத்து வாசித்தால் போதும்.

இந்தியாவில் மொழிபெயர்ப்புக் கருவிக்கென்று தனி விதி இல்லை. ஆனால் அதன் அடிப்படை நமக்குப் புதிதல்ல. ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விண்ணப்பதாரர் கைநாட்டு வைத்தாலோ, விண்ணப்பத்தின் மொழி அல்லாத வேறு மொழியில் கையெழுத்துப் போட்டாலோ, 'இதிலுள்ளதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொன்னேன், அவர் புரிந்துகொண்டார்' என்று இன்னொருவர் உறுதியளித்துத் தன் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சியின் பேச்சை மொழிபெயர்ப்பவர் 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டத்தின்படி முதலில் உறுதிமொழி எடுக்க வேண்டும். பத்திரம் எழுதும் இடத்திலும் 'படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு' என்ற வழக்கம் ஊரறிந்தது. இவை எல்லாவற்றிலும், விளக்கிச் சொன்ன ஒரு ஆள் பெயரோடு இருக்கிறார். பின்னால் தகராறு வந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். மேசைமேல் இருக்கும் கருவி இந்த இடத்தைத்தான் சத்தமில்லாமல் காலி செய்கிறது.

கடன் விஷயத்தில் ரிசர்வ் வங்கி இதை எழுத்தில் வைத்திருக்கிறது. 2024 ஏப்ரல் சுற்றறிக்கையின்படி, தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் தவணைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். வட்டி, கட்டணம், மொத்தச் செலவு எல்லாம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது எழுதப்பட வேண்டும். அதிலுள்ளதை அவருக்கு விளக்க வேண்டும். புரிந்துகொண்டதாக அவரிடம் ஒப்புதலும் வாங்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தரும் புதிய கடன்களுக்கு இது பொருந்தும். திருப்பூரில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவர் பைக் கடன் வாங்கப் போகிறார் என்று வையுங்கள். ஊழியர் தமிழில் பேச, செல்போன் ஒடியாவில் ஏதோ சொல்ல, அவர் 'ஓகே' என்று கையெழுத்துப் போட்டால் விளக்கியது ஆகிவிடுமா? என் கருத்தில் ஆகாது. செல்போன் என்ன சொன்னது என்று ஊழியருக்கே தெரியாதபோது, விளக்கினேன் என்று அவர் எப்படிச் சொல்ல முடியும்? ஒடியா தெரிந்த கிளை ஊழியர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து ஐந்து நிமிடம் பேசவைப்பது நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் வங்கிக்குப் பெரிய விஷயமே இல்லை.

இதுவரை சொன்னது, கருவி எதைச் சொல்கிறது என்பது பற்றி. எதைக் கேட்டு வைத்துக்கொள்கிறது என்பது இரண்டாவது பாதி. 2017 செப்டம்பரில் நார்வேயின் ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்டாட்ஆயில் எண்ணெய் நிறுவனத்தின் ஊழியர்கள் ஒரு இலவச இணைய மொழிபெயர்ப்புத் தளத்தில் போட்ட பணிநீக்கக் கடிதங்கள், ஒப்பந்தங்கள், கடவுச்சொற்கள் எல்லாம் இணையத்தில் தேடினால் கிடைக்கும் நிலையில் இருந்தன. 2019 ஆகஸ்டில் மதர்போர்டு இதழ், ஸ்கைப்பின் மொழிபெயர்ப்பு வசதி வழியாகப் பேசியவர்களின் பேச்சுத் துண்டுகளை மைக்ரோசாஃப்ட்டின் ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுத் தரம் பார்த்ததை வெளிக்கொண்டுவந்தது. பேசியவர்களுக்கு அது தெரியாது. நிறுவனம் பிறகு தன் தனியுரிமைக் கொள்கையில் அதைத் தெளிவாக எழுதியது. தாய்மொழி அல்லாத ஊரில் மருந்துக்கடையில் நின்று தன் நோயைச் சொல்லும் ஒருவரின் குரல் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

இங்கே நம் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைச் சேகரிக்கும் நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது. அது வேறு ஒரு நிறுவனத்திடம் தரவை அனுப்பி வேலை வாங்கினாலும், முறையான ஒப்பந்தத்தின் பேரில்தான் அனுப்ப வேண்டும். அந்த நிறுவனம் செய்யும் தவறுக்கும் முதல் நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். ஊழியரின் சொந்த செல்போனில் இருக்கும் இலவச ஆப்போடு கடைக்கு என்ன ஒப்பந்தம் இருக்கிறது? 'ஏற்கிறேன்' என்று அழுத்தியது ஊழியர்தான், அதுவும் தனக்காக.

இதே சட்டத்தின் 7-ஆம் பிரிவில் ஒரு மருந்துக்கடை உதாரணமே வருகிறது. மருந்து வாங்கியவர், ரசீதைச் செல்போனுக்கு அனுப்பச் சொல்லி எண்ணைத் தானாகத் தருகிறார். ரசீது அனுப்ப அந்த எண்ணைக் கடை பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்புக்கும் இதைப் பொருத்திப் பார்த்தால், மருந்து கேட்கும் வேலைக்காக அவர் கருவியிடம் பேசினார், அந்த வேலைக்கு அவர் குரலைப் பயன்படுத்தலாம். அதே குரலை எடுத்து மென்பொருளைப் பழக்குவது வேறு நோக்கம். அதற்கு அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்.

வெளிநாட்டில் சில இடங்களில் ஒலிப்பதிவே குற்றமாகலாம். ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 201-ஆம் பிரிவு, பொதுவெளிக்கு அல்லாத பேச்சை அனுமதியின்றிப் பதிவு செய்தால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. கலிபோர்னியாவில் இரகசியமான உரையாடலைப் பதிவு செய்யப் பேசுகிற எல்லோருடைய சம்மதமும் வேண்டும். மொழிபெயர்க்கும் கருவி பேச்சைச் சேமித்து வைக்கிறதா, உடனே அழித்துவிடுகிறதா என்பது அங்கெல்லாம் வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. பேச்சு வெளியே போகாமலே வேலை நடக்கவும் இப்போது வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு 22 இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மென்பொருளை 2023-ல் திறந்த மூலமாகவே, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்டது. பெரிய மருத்துவமனை ஒன்று அதைத் தன் சொந்தக் கணினியில் ஓட்டிக்கொள்ள முடியும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நடைமுறையில் மனிதரை அதிகம் புண்படுத்துவது இதுவாகத்தான் இருக்கும். கருவி சத்தமாகப் பேசும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, ஒருவருடைய காசநோய் மருந்தையோ கருத்தடை மாத்திரையையோ பற்றி ஒலிபெருக்கியில் வாசிப்பது அவரைத் தெருவில் நிறுத்துவதற்குச் சமம். உடம்பு, பணம் இரண்டையும் பற்றிய பேச்சுக்குத் திரையில் எழுத்தாகக் காட்டலாம், படிக்கத் தெரியாதவருக்கு காதில் வைக்கும் ஹெட்போன் தரலாம். செலவு அதிகமில்லை.

ஒரு கடையோ லாட்ஜோ ஆஸ்பத்திரியோ அரசு விதிக்காகக் காத்திருக்காமல் தானே ஒரு ஒழுங்கை எழுதிவைக்கலாம். கருவி நிர்வாகம் வாங்கிக் கொடுத்ததாக இருக்க வேண்டும், ஊழியருடையதாக அல்ல. வாடிக்கையாளரிடம் 'இது இயந்திர மொழிபெயர்ப்பு, தவறலாம்' என்று அவர் மொழியிலேயே முதலில் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், அதற்காக அவரைக் காக்கவைத்துத் தண்டிக்கக் கூடாது. ஊழியர் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி, எண்ணையும் வேளையையும் விரல் விட்டோ எழுதியோ காட்டி, 'எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க' என்று திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். தலையாட்டுவதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்து, அறுவைச் சிகிச்சை, மருந்தளவு, ஒவ்வாமை, கடன், புகார் என்று வந்தவுடன் கருவியை ஓரமாக வைத்துவிட்டு மொழி தெரிந்த மனிதரைக் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்ட ஊழியரை 'ஏன் நேரத்தை வீணாக்கினாய்' என்று மேலாளர் கேட்கக் கூடாது என்பதையும் எழுத்தில் வைத்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். விளக்கிச் சொன்னவரின் பெயரை, காப்பீட்டு விண்ணப்பத்தில் எழுதுவதுபோல, பதிவேட்டில் எழுதிவைக்கலாம்.

சிறு கடைகள் ஒவ்வொன்றும் இதைத் தனியாகச் செய்வது கடினம். மருந்து வணிகர் சங்கங்களும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் சேர்ந்து, வங்காளம், இந்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் சரிபார்த்த மருந்து வாக்கியப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தால் போதும். அதை ஒலியாகப் பதிவு செய்து க்யூஆர் அட்டையாக எல்லாக் கடைக்கும் தரலாம். கலிபோர்னியா தன் பட்டியலுக்கு எடுத்துக்கொண்டது ஐந்து மொழிகளைத்தான். இங்கே வேலூரிலும் திருப்பூரிலும் சென்னையிலும் நம் பட்டியலின் மொழிகளைப் பேசும் மருந்தாளுநர்களும் செவிலியர்களும் ஏற்கெனவே வேலை பார்க்கிறார்கள், பட்டியலைச் சரிபார்க்க அவர்களிடமே கேட்கலாம்.